ரிம் கட்சியும் டிஸ்க் கட்சியும்

நம் ஊரில் தீராத சண்டைகள் சில உண்டு. சிவாஜியா எம்.ஜி.ஆரா, ரஜினியா கமலா, காபியில் சிக்கரி சேர்க்கலாமா கூடாதா, தயிர் சாதத்துக்கு மாவடுவா நார்த்தங்காயா. இதில் எந்தப் பக்கம் பேசினாலும் வீட்டில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சைக்கிள்காரர்களுக்கும் இப்படி ஒரு சண்டை இருக்கிறது. ரேஸ் சைக்கிளுக்கு நல்லது ரிம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா?

'சைக்கிளில் என்ன ஸார் சண்டை? பெல்லைத் தவிர எல்லாம் சத்தம் போடும். அதுதானே சைக்கிள்?' என்று கேட்பவர்கள் அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போய்விடலாம். மற்றவர்கள் இருங்கள். இந்தச் சண்டையில் ரத்தம் சிந்தியிருக்கிறது. நிஜமான ரத்தம்.

முதலில் சமாச்சாரம் என்னவென்று பார்த்துவிடுவோம்.

நம் தாத்தா, அப்பா ஓட்டிய கறுப்பு சைக்கிளில் இருப்பது கம்பி பிரேக். லீவரைப் பிடித்தால் ஓர் இரும்புக் கம்பி மேலே இழுபடும். அதன் முனையில் குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு. அதில் இரண்டு ரப்பர் கட்டை. கட்டை போய் ரிம்மின் உட்புறத்தை அழுத்தும், சைக்கிள் நிற்கும். நிற்காவிட்டால் காலில் செருப்பு இருக்கிறது. மழை நாளில் பெரும்பாலும் செருப்புதான். நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை பிடிக்கிற அழகு, வழுக்குமரத்தில் ஏறுகிற அழகு மாதிரி. முயற்சி தெரியும், முன்னேற்றம் தெரியாது.

ரேஸ் சைக்கிளில் கம்பிக்குப் பதில் ஒயர். கிடுக்கி மாதிரி இரண்டு கை, சக்கரத்தின் இரண்டு பக்கமும் வந்து அலுமினிய ரிம்மைப் பிடிக்கும். பல பத்தாண்டுகள் உலகத்தின் அத்தனை பெரிய ரேஸ்களையும் ஜெயித்தது இந்தக் கிடுக்கிதான். இதுதான் ரிம் கட்சி.

டிஸ்க் கட்சிக்காரர்கள் ரிம்மைத் தொடமாட்டார்கள். சக்கரத்தின் நடுவே, அச்சுக்குப் பக்கத்தில் மெல்லிய எஃகுத் தட்டு ஒன்றை மாட்டுவார்கள். ரேஸ் சைக்கிளில் அதன் விட்டம் 140 அல்லது 160 மில்லிமீட்டர். அவித்த இட்லியைவிடக் கொஞ்சம் பெரிசு, அடை தோசையைவிட ரொம்பச் சின்னது. லீவரைப் பிடித்தால் மெல்லிய குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் இரண்டு கட்டைகளைத் தள்ளி அந்தத் தட்டை அமுக்கும். மோட்டார் பைக்கில் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான்.

வேடிக்கை என்னவென்றால் ரிம் பிரேக்கும் ஒரு டிஸ்க் பிரேக்தான். ரிம்மே அதன் டிஸ்க். அறுநூறு மில்லிமீட்டருக்கு மேல் விட்டம் உள்ள, உலகத்திலேயே பெரிய டிஸ்க். கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளினால் ஒரு விரல் போதும். கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும். ரிம் பிரேக் கைப்பிடிப் பக்கம் பிடிக்கிறது. டிஸ்க் கீல் பக்கம் பிடிக்கிறது. அதனால் அதே அளவு பிடிக்க டிஸ்க் தட்டை ஏறக்குறைய நாலு மடங்கு பலமாக அமுக்க வேண்டும். அந்த பலத்துக்குத்தான் எண்ணெய்.

'அப்புறம் எதுக்கு அத்தான் இவ்வளவு வம்பு? பெரிய டிஸ்க்கே இருக்கட்டுமே?' என்று கேட்டான் என் மைத்துனன். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஒட்டிப் பிடித்த டிராயர் போட்டுக்கொண்டு ஈ.ஸி.ஆர். ரோட்டில் கோவளம் வரை போய், ஒரு பிளேட் பொங்கல் வடை சாப்பிட்டு, எரித்த கலோரியை வட்டியோடு திரும்பக் கொண்டுவருகிற ஜாதி. புது சைக்கிள் வாங்கப் போகிறான். டிஸ்க் வைத்ததென்றால் விலை பல ஆயிரம் கூட.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல மூன்று விஷயம் பார்க்க வேண்டும். காய்ந்த ரோடு, நனைந்த ரோடு, மலை ரோடு.

காய்ந்த ரோட்டில் நல்ல ரிம் பிரேக்குக்கும் நல்ல டிஸ்க் பிரேக்குக்கும் நிற்கிற தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. காரணம் பிரேக் அல்ல, நீங்கள். முன் பிரேக்கை ஓரளவுக்கு மேல் பிடித்தால் பின் சக்கரம் தூக்கிக்கொள்ளும். இன்னும் பிடித்தால் ஹாண்டில் பாருக்கு மேலே பறந்து போய், சைக்கிளுக்கு முன்னால் நீங்கள் நிற்பீர்கள். நிற்பீர்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இந்த எல்லை புவியீர்ப்பில் ஏறக்குறைய பாதி. அதற்கு மேல் எந்தக் கம்பெனி பிரேக்காலும் சைக்கிளை நிறுத்த முடியாது. அந்த எல்லையைச் சரியாகப் பொருத்திய ரிம் பிரேக்கே தொட்டுவிடும்.

கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறீர்கள். அந்த எல்லை வரை பிடித்தால் ஐந்து மீட்டரில் நிற்கலாம். ஆனால் நாயைப் பார்த்து, அது நாய் என்று புரிந்து, விரல் லீவருக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு விநாடியில் ஏழு மீட்டர் போய்விடுகிறது. ஆக பிரேக் தின்பது ஐந்து மீட்டர், யோசனை தின்பது ஏழு மீட்டர். செல்போன் பார்த்துக்கொண்டு ஓட்டுபவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால்? ஐரோப்பிய மலை இறக்கங்களில் இது சாதாரண வேகம். பிரேக்குக்கு 28 மீட்டர், அந்த ஒரு விநாடிக்குப் பதினேழு. மொத்தம் 45 மீட்டர். வேகம் இரண்டரை மடங்கு கூடவில்லை, பிரேக் தூரம் ஆறு மடங்கு கூடிவிட்டது. வேகத்தின் வர்க்கம் என்று வாத்தியார் சொன்னாரே, அந்த வர்க்கம் ரோட்டில் இப்படித்தான் கணக்குத் தீர்க்கும்.

அடுத்தது நனைந்த ரோடு. இங்கேதான் டிஸ்க் கட்சி மீசையை முறுக்குகிறது. ரிம் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழைத் தண்ணீர், சேறு, மணல் எல்லாம் அதன் மேல்தான். பிரேக் பிடித்ததும் கட்டை முதலில் தண்ணீரை வழித்துத் தள்ள வேண்டும், பிறகுதான் பிடிமானம். சக்கரம் இரண்டு மூன்று சுற்று சும்மா சுற்றும். ரேஸ்காரர்கள் எடை குறைவதற்காகப் போடும் கார்பன் ரிம்மில் நிலைமை இன்னும் மோசம். டிஸ்க் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் உலர்ந்தாற்போல் உட்கார்ந்திருக்கிறது. தட்டில் ஓட்டை ஓட்டையாக இருப்பதால் ஒட்டிய தண்ணீரும் போய்விடும். மழையில் டிஸ்க் பிடிப்பது வெயிலில் பிடிப்பது போலவே இருக்கும். இதில் ரிம் கட்சிக்கு வாதமே கிடையாது. இன்னொன்று, மணல் ஒட்டிய கட்டை ரிம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வருஷக்கணக்கில் தேய்ந்து ஒரு நாள் ரிம்மே மாற்ற வேண்டி வரும். டிஸ்க்கில் தேய்வது தட்டும் கட்டையும்தான். சக்கரம் பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவது மலை ரோடு. பிரேக் என்பது என்ன? வேகத்தைச் சூடாக மாற்றும் யந்திரம். அடுப்பு என்றே சொல்லலாம். பிரான்சில் ஆல்ப் துவெஸ் என்று ஒரு மலை. டூர் த பிரான்ஸ் ரேஸில் அதற்குக் கோயில் மரியாதை. 21 கொண்டை ஊசி வளைவு, பதினாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் சுமார் 1,100 மீட்டர் ஏற்றம். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து கீழே வரை இறங்கும்போது வெளிப்படும் சக்தி, மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பாதியைக் காற்று எடுத்துக்கொண்டது என்றாலும் பாக்கியில் பத்துப் பேருக்கு டீ போடலாம்.

அந்த டீ அடுப்பு எங்கே எரிகிறது என்பதுதான் கேள்வி. ரிம் பிரேக்கில் ரிம்மிலேயே எரிகிறது. அதற்கு ஒட்டினாற்போல் காற்றடைத்த டயர். கார்பன் ரிம் என்றால் நாரைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் சூட்டில் இளகும். இளகினால் ரிம் வீங்கும், டயர் வெடிக்கும், அல்லது டயரை ஒட்டியிருக்கும் பசை உருகும். டிஸ்க்கில் அடுப்பு டயரை விட்டுத் தள்ளி எரிகிறது. ஆனால் அந்தத் தட்டின் எடையே நூற்றுச் சொச்சம் கிராம்தான். இவ்வளவு சூடும் அதில் இறங்கினால் நூற்றுக்கணக்கான டிகிரிக்குப் போகும், கொஞ்சம் வளையும், எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானால் லீவர் சொதசொதவென்று ஆகிவிடும். ஆக, அடுப்பு எங்கே இருந்தாலும் தொட்டால் சுடும். இறங்கி முடித்ததும் டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்த புத்திசாலிகள் உலகம் முழுக்க உண்டு. விரலில் அடையாளம் இருக்கும்.

*

இப்போது ரத்தக் கதைக்கு வருகிறேன்.

டிஸ்க் பிரேக் புதுசு இல்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற கார் இஞ்சினீயர் 1902-லேயே இதற்குப் பேடன்ட் வாங்கிவிட்டார். 1953-ல் லு மான் 24 மணி நேர கார் ரேஸை ஜாகுவார் ஜெயித்தபோது அதில் டிஸ்க் பிரேக்தான். 1969-ல் ஹோண்டா சி.பி. 750 மோட்டார் சைக்கிளில் வந்தது. மலையில் ஓடும் மவுன்டன் பைக்குக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். ரோடு ரேஸ்காரர்கள் மட்டும் அசையவில்லை. டிஸ்க் வைத்தால் எடை அரை கிலோ வரை கூடும். எடைக்காகத் தலைமுடியைக்கூடக் கணக்குப் பார்க்கிற கூட்டம் அது. காலில் இருக்கிற முடியைச் சிரைத்துக்கொள்கிறார்கள் என்றால் பாருங்கள். (அது எடைக்காக இல்லை என்பார்கள். விடுங்கள்.)

சைக்கிள் உலகத்துக்கு ஸ்விட்சர்லாந்தில் ஒரு சுப்ரீம் கோர்ட் இருக்கிறது. பெயர் யு.சி.ஐ. அது 2010-ல் சேற்று ரேஸான சைக்ளோகிராஸில் டிஸ்க்கை அனுமதித்தது. 2013-ல் ரோடு சைக்கிளுக்கான எண்ணெய் பிரேக் மார்க்கெட்டுக்கு வந்தது. ஸ்ராம் என்ற அமெரிக்கக் கம்பெனி அதே டிசம்பரில், கடுங்குளிரில் சில பிரேக்குகள் செயலிழக்கின்றன என்று தெரிந்து, விற்றதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டது. டிஸ்க் கட்சிக்கு முதல் அடி. 2015-ல் சில ரேஸ்களில் சோதனை, 2016-ல் வருஷம் முழுக்கச் சோதனை என்று யு.சி.ஐ. தேதி குறித்தது.

2016 ஏப்ரல் 10. பாரிஸ்–ரூபே ரேஸ். பெயரில்தான் பாரிஸ். உண்மையில் வட பிரான்சில், இடையிடையே கிராமத்துக் கருங்கல் பாவிய வண்டிப்பாதைகளோடு, 250 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிற சித்ரவதை. கருங்கல் என்றால் நம் பழைய பங்களா முற்றத்துக் கல் இல்லை. ஆட்டுக்கல்லை வரிசையாகக் கவிழ்த்து வைத்தது போல. அதன் மேல் நூறுக்கும் மேற்பட்டவர்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு முழு வேகத்தில் போவார்கள். அன்றைக்கு இரண்டே இரண்டு டீம்கள் டிஸ்க் பிரேக்கோடு வந்திருந்தன.

கருங்கல் பாதையில் ஒரு குவியல் விபத்து. ஸ்பெயின்காரர் ஃப்ரான் வென்டோசோ கீழே விழவில்லை. முன்னால் போன ஒரு சைக்கிளின் பின்பக்கம் கால் இடித்தது, அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போனபிறகு குனிந்து பார்த்தார். முழங்காலுக்குக் கீழே சதை பிளந்து எலும்பை மூடிய சவ்வு தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பகிரங்கக் கடிதம் எழுதினார். வெட்டியது டிஸ்க்தான், அது சுற்றுகிற கத்தி, இதை எப்படி இந்தக் கூட்டத்துக்குள் விட்டீர்கள் என்று கேட்டார். இரண்டு டீமின் டிஸ்க்குகளுக்கே இப்படியென்றால், எல்லா சைக்கிளிலும் இரண்டிரண்டு வந்தால் என்ன ஆகும் என்பது அவர் கவலை.

ரேஸ் முடிந்த நாலாம் நாள், ஏப்ரல் 14-ம் தேதி யு.சி.ஐ. சோதனையை நிறுத்தியது.

டிஸ்க் கட்சி சும்மா இருக்குமா? 'டிஸ்க் இல்லை, செயின் பல்சக்கரம் கிழித்திருக்கும்' என்றார்கள். அதுவும் கத்தி மாதிரிதான் இருக்கும், நூறு வருஷத்துக்கு மேலாக எல்லா சைக்கிளிலும் இருக்கிறது, யாரும் கடிதம் எழுதவில்லையே என்றார்கள். வென்டோசோ தன் பேச்சை மாற்றவில்லை. இந்தச் சண்டையில் எனக்குப் பிடித்தது ஒன்று. இரண்டு கட்சியும் கத்திக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒரு புண்ணியவான் எளிய காரியம் ஒன்று செய்தார். தட்டின் விளிம்பை மழுக்கச் சொன்னார். கூர் விளிம்பை உருண்டையாக்கி 2017-ல் மறுபடி சோதனை ஆரம்பித்தது.

அந்த ஜனவரியில் பெல்ஜியத்தின் டாம் போனன் அர்ஜென்டினாவில் டிஸ்க் சைக்கிளில் ஒரு கட்டம் ஜெயித்தார். பிப்ரவரியில் அபுதாபியில் ஒரு விபத்து. பிரிட்டனின் ஒவைன் டல் தன் ஷூவைத் தூக்கிக் காட்டினார். அறுத்த தேங்காய்ப் பத்தை மாதிரி ஒரு வெட்டு. பக்கத்தில் விழுந்த ஜெர்மனியின் மார்செல் கிட்டெல் சைக்கிளில் டிஸ்க். 'அதுதான் வெட்டியது' என்றார் அவர். 'ரோட்டோரத் தடுப்பு வெட்டியிருக்கும்' என்றது எதிர்க்கட்சி. மறுபடி முதலிலிருந்து. ஆனால் அதே கிட்டெல், அதே வருஷம் ஜூலை 2-ம் தேதி டூர் த பிரான்ஸில் லியேஜ் நகரக் கட்டத்தை டிஸ்க்கோடு ஜெயித்தார். டூர் த பிரான்ஸில் டிஸ்க்குக்கு அதுதான் முதல் வெற்றி. 2018 ஜூலையில் யு.சி.ஐ. நிரந்தர அனுமதி கொடுத்துவிட்டது.

சரி, அதோடு எல்லோரும் மாறிவிட்டார்களா? இல்லை. ஸ்கை என்றும் பிறகு இனியாஸ் என்றும் பெயர் கொண்ட பிரிட்டிஷ் டீம் 2012-லிருந்து 2019 வரை எட்டு டூர் த பிரான்ஸில் ஏழை ஜெயித்தது. ஏழும் ரிம் பிரேக்கில். ஊரே மாறியபின்னும், 'ஜெயிக்கிற குதிரைக்கு லாடம் மாற்றுவானேன்' என்று 2021 வரை ரிம்மை விடாமல் இருந்து, 2022 சீசனில்தான் அவர்களும் மாறினார்கள்.

அந்த டீமிலிருந்து வெளியே போன க்றிஸ் ஃப்ரூம் இருக்கிறாரே, நாலு முறை டூர் த பிரான்ஸ் ஜெயித்தவர், புது டீமில் டிஸ்க்கில் ஓட்ட வேண்டிவந்தது. 2021 தொடக்கத்தில் வீடியோ போட்டுப் புலம்பினார். மழையில் நன்றாகப் பிடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கட்டை தட்டில் உரசிக்கொண்டே இருக்கிறது, நீண்ட இறக்கத்தில் சூடாகித் தட்டு வளைகிறது, எனக்குத் திருப்தியில்லை என்கிற ரீதியில். வேறொரு தொழிலாக இருந்தால் நாலு முறை சாம்பியன் சொன்னதும் பிரேக்கை மாற்றியிருப்பார்கள். இங்கே ஃப்ரூமுக்கே வேறு வழி இல்லை.

ஏன் இல்லை? கம்பெனிகள் முடிவு பண்ணிவிட்டன. 2020-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் முன்னணி ரேஸ் மாடல் டிஸ்க்கில் மட்டும்தான் வந்தது. ட்ரெக் கம்பெனியின் மலையேறும் மாடலும் அப்படியே. ஃபோர்க்கும் ஃபிரேமும் ஒரு பிரேக்குக்காக வார்க்கப்பட்டால் இன்னொரு பிரேக்கை அதில் மாட்ட முடியாது. டிஸ்க் வந்தால் ரிம்மை இடுக்கும் கிடுக்கி வேண்டாம், அகல டயர் போடலாம், ரோடு குழி தெரியாது என்று அவர்கள் சொல்வது நிஜம்தான். 23 மில்லிமீட்டர் டயரில் குலுங்கினவர்கள் 28-க்கும் 30-க்கும் மாறிச் சௌகரியமாகப் போகிறார்கள். பழைய சைக்கிள் வைத்திருப்பவர் புதுசு வாங்கியே தீர வேண்டும் என்பதும் நிஜம்தான். இரண்டு நிஜத்தில் எது முதலில் வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. காஸட் டேப்பும் டேப் ரிக்கார்டரும் அட்டைப்பெட்டியில் வைத்திருக்கும் வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

*

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு விஷயத்தை மறைத்தால் பாவம்.

1995 ஜூலை 18. டூர் த பிரான்ஸ். பிரெனீஸ் மலையில் போர்தே தாஸ்பே இறக்கம். இத்தாலியின் ஃபாபியோ கஸார்டெல்லி விழுந்து ரோட்டோர கான்கிரீட் கட்டையில் தலை மோதி இறந்துபோனார். வயசு 24. மூன்று வருஷம் முன்புதான் பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியிருந்தார். 2011 மே 9, இத்தாலி ரேஸில் போக்கோ கணவாய் இறக்கத்தில் பெல்ஜியத்தின் வவுட்டர் வெய்லாண்ட் இறந்தார். இரண்டும் ரிம் பிரேக் காலம்.

2023 ஜூன். டிஸ்க் கட்சி முழு மெஜாரிட்டியோடு ஆட்சிக்கு வந்தாயிற்று. ஸ்விட்சர்லாந்து ரேஸில் ஆல்புலா கணவாய் இறக்கத்தில் அந்த ஊர்க்காரரான ஜீனோ மேடர் 15-ம் தேதி ரோட்டைவிட்டுப் பள்ளத்தில் விழுந்தார். மறுநாள் இறந்துவிட்டார். வயசு 26.

பிரேக்கால் இறந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பிரேக் மாறியும் மலை மாறவில்லை, வேகம் குறையவில்லை என்று சொல்கிறேன். கஸார்டெல்லி இறந்தபோது ஹெல்மெட் கட்டாயமில்லை. 2003-ல் ஆந்த்ரே கிவிலெவ் என்ற இன்னொரு வீரர் இறந்தபிறகுதான் அதைக் கட்டாயமாக்கினார்கள். எட்டு வருஷம், இன்னொரு உயிர். பிரேக் தட்டின் விளிம்பை மழுக்க ஒரு வருஷத்துக்குள் முடிந்த உலகத்தில் தலைக்குத் தொப்பி போட எட்டு வருஷம் பிடித்தது.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் 1980-களில் டாக்ஸிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. சில டாக்ஸிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாத புது ஏ.பி.எஸ். பிரேக். மற்றவற்றுக்குப் பழைய பிரேக். கொஞ்ச காலம் கழித்து விபத்துக் கணக்கைப் பார்த்தார்கள். நல்ல பிரேக் வைத்த டாக்ஸிகளில் விபத்து குறையவே இல்லை. பிரேக்கில் கோளாறா? இல்லை. டிரைவர்கள் மாறிவிட்டார்கள். 'நம்ம வண்டி நிக்கும்பா' என்ற தைரியத்தில் முன்னால் போகும் காரை இன்னும் ஒட்டிப் போனார்கள், வளைவை இன்னும் வெட்டித் திரும்பினார்கள். பிரேக் கொடுத்த ஐந்து மீட்டரை டிரைவர்கள் செலவழித்துவிட்டார்கள். இன்க்ரிமென்ட் வந்த மாசமே புது தவணை ஆரம்பிப்பதில்லையா, அப்படி.

மைத்துனன் பொறுமை இழந்துவிட்டான். 'அத்தான், பிரான்ஸ், ஜெர்மனி எல்லாம் பார்த்தாச்சு. எனக்கு என்ன வாங்கறதுன்னு மட்டும் சொல்லுங்க.'

சொல்கிறேன். இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஈ.ஸி.ஆர். ரோடு தோசைக்கல் மாதிரி சமதரை. அதில் இருக்கும் பெரிய மலை, ஸ்பீட் பிரேக்கர். காலை வெயிலில் மட்டும் ஓட்டுபவர், மழை வந்தால் டீக்கடையில் ஒதுங்குபவர், பட்ஜெட் இறுக்கமானவர்: நல்ல ரிம் பிரேக் போதும். கட்டை தேய்ந்தால் தெருமுனை சைக்கிள் கடையில் பத்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுப்பார்கள். ஒயர் அறுந்தாலும் அப்படியே. ஒரே விலைக்கு மட்டமான டிஸ்க்கும் தரமான ரிம்மும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ரிம்.

மழையிலும் ஆபீஸ் போயே ஆகவேண்டியவர், ஏற்காடு, கொல்லிமலை, ஊட்டி என்று இறங்குபவர், உடம்பு எடை கூடுதலானவர், சைக்கிளில் பை, மூட்டை கட்டுபவர்: டிஸ்க். கொல்லிமலையில் கொண்டை ஊசி வளைவு எழுபது. எழுபதிலும் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப் போவதற்கு எண்ணெய் பிரேக் எவ்வளவோ தேவலை. ஆனால் அதைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்த ஆள் உங்கள் பேட்டையில் இருக்கிறாரா என்று வாங்குமுன் விசாரியுங்கள்.

டிஸ்க் வாங்கினால் மூன்று கட்டளை. செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டுகூடத் தட்டில் தெறிக்கக் கூடாது. வீட்டிலிருந்து ஆர்வத்தோடு தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவரும் மாமியாரைத் தடுத்துவிடுங்கள். எண்ணெய் குடித்த கட்டை பிறகு பிடிக்காது, கத்த மட்டும் செய்யும். இரண்டாவது, தட்டை விரலால் தொடாதீர்கள், விரலிலும் எண்ணெய் உண்டு. மூன்றாவது, சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது லீவரைப் பிடிக்காதீர்கள். இரண்டு கட்டையும் முத்தம் கொடுத்துக்கொண்டு பிரியமாட்டேன் என்னும்.

எந்தக் கட்சியானாலும் இது பொது. நாளைக் காலை ஆபீஸ் கிளம்புமுன் ஒரு நிமிஷம். சைக்கிள் பக்கத்தில் நின்று முன் பிரேக்கைப் பிடித்து, வண்டியை முன்னால் தள்ளுங்கள். பின் சக்கரம் தூக்க வேண்டும். தூக்காமல் உருண்டால் பிரேக் இல்லை என்று அர்த்தம். லீவர் ஹாண்டில் பாரைத் தொட்டாலும் அப்படியே. முன் பிரேக் என்றால் பலருக்குப் பயம். ஆனால் நிறுத்துவது பெரும்பாலும் அதுதான். பிடிக்கும்போது எடை முன்னால் போய்விடுகிறது, பின் சக்கரம் சும்மா கோடு போடும். ஆகவே உடம்பைப் பின்னால் நகர்த்தி, இரண்டையும் சேர்த்து, முன்னதைக் கொஞ்சம் கூடுதலாக, படிப்படியாகப் பிடியுங்கள். நம் ஊரில் வலது கை முன் பிரேக். வெளிநாட்டு சைக்கிளில் மாறியிருக்கலாம். வாங்கிய அன்றைக்கே பாருங்கள், லாரி எதிரே வரும்போது அல்ல.

மைத்துனன் கடைசியில் ரிம்தான் வாங்கினான். மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்கச் சொன்னேன். வாங்கினான். அப்போதும் மிச்சம் இருந்ததாம், 'அத்தான், பெல்லும் போட்டுக்கவா?' என்றான்.

பெல் இல்லாவிட்டால் பரவாயில்லை, வாய் இருக்கிறது. பிரேக்குக்கு மட்டும் இன்னும் செருப்பைத் தவிர மாற்று கண்டுபிடிக்கவில்லை.